மேஸ்திரி கேட்ட கேள்வி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகள் கட்டடக்கலை படிக்க ஆசைப்படுகிறாள், சேர்த்துவிடலாமா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். நாம் படித்து முடித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. நீ சீக்கிரமே வேறு வேலைக்குப் போய்விட்டாய், நான் இன்னும் இதிலேயே கிடக்கிறேன். அப்படியும் உடனே பதில் எழுத வரவில்லை.

போன மாதம் ஒரு கல்லூரியில் ஜூரிக்கு, அதாவது மாணவர்களின் வடிவமைப்பை மதிப்பிடும் நடுவர் குழுவுக்கு, அழைத்திருந்தார்கள். இரண்டு இரவு தூங்காத ஒரு பெண் தன் வரைபடங்களை மாட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு நடுவர் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. உன் மாடல் மேசையிலிருந்து விழுந்து நொறுங்கியபோது "இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது" என்று நம் கல்லூரி ஜூரியில் சொன்னாரே ஒருவர், அந்த ஞாபகமும் வந்தது.

இந்த வழக்கத்துக்குப் பூர்வீகம் பாரிஸின் எகோல் தே போஸார் என்ற கலைப் பள்ளி. தலைப்பைக் கொடுத்து மாணவனைச் சிறு அறையில் தனியாக உட்கார வைப்பார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முதல் வரைவு. பிறகு வாரக்கணக்கில் அதையே பெரிதாக வளர்க்க வேண்டும், மூலக் கருத்தை மாற்றக் கூடாது. கெடு நாளில் படங்களை அள்ளிக்கொண்டு போக ஒரு தள்ளுவண்டி வரும். கடைசி நிமிட ஓட்டத்தை இன்றைக்கும் 'ஷாரெட்' என்கிறோமே, அது அந்த வண்டியின் பெயர்தான். ஆனால் அங்கே நடுவர்கள் மூடிய அறையில்தான் கூடினார்கள். மாணவனை உள்ளே விட்டு விளக்கம் சொல்ல வைத்தது பின்னால் வந்த சீர்திருத்தம். நல்லெண்ணத்தில் கதவைத் திறந்தார்கள், அழுகையும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

அதற்கு முன்பு இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடமே வேண்டியிருக்கவில்லை. ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தை 1420 முதல் 1436 வரை எழுப்பிய புரூனலெஸ்கி பொற்கொல்லராகப் பயின்றவர். அவருக்கு அடுத்து வந்த ஆல்பர்ட்டிதான் கோடு கிழித்தார்: தச்சன் வெறும் கருவி, மனதில் கட்டடத்தை முழுதாக வகுப்பவனே கட்டடக் கலைஞன் என்று எழுதினார். தொழிலின் கௌரவம் அங்கிருந்து ஆரம்பிக்கிறது. வியாதியும் அங்கிருந்துதான் என்பது என் கட்சி.

சங்கங்களும் சட்டங்களும் வெகு பின்னால் வந்தவை. லண்டனில் 1834-இல் கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம். நியூயார்க்கில் 1857-இல் பதின்மூன்று பேர் சேர்ந்து இன்னொன்று. 1897-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கட்டடக் கலைஞர்களுக்கு உரிமச் சட்டம். ஒப்பந்தக்காரனின் லாபம் வேறு, எங்கள் கட்டணம் வேறு என்று காட்டுவது அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் படிப்போ, ஒரு கட்டடக் கலைஞரிடம் பயிற்சிக்குச் சேர்வதுதான். சம்பளம் கிடையாது, பையனின் வீட்டார்தான் பணம் கட்ட வேண்டும். அது போதவில்லை என்று பயிற்சியிலிருந்த இளைஞர்களே சேர்ந்து 1847-இல் தொடங்கியதுதான் லண்டனின் ஏ.ஏ. (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) பள்ளி. 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய கட்டடக்கலைக் கல்வி மாநாடு, இனி படிக்கும் இடம் பல்கலைக்கழகம்தான் என்று முடிவு செய்தது. தொழில் நிமிர்ந்தது. மாணவன் சைட்டை விட்டு இன்னும் நாலடி தள்ளிப் போனான்.

அந்த நாலடி என்ன செய்யும் என்பதை நான் தெரிந்துகொண்ட விதம் உனக்குச் சொன்னதில்லை, வெட்கம். வேலையில் சேர்ந்த முதல் வருடம் ஒரு படிக்கட்டு வரைந்தேன். பிளானில், அதாவது மேலிருந்து பார்க்கும் படத்தில், எல்லாம் சரி. திரும்பும் இடத்தில் மட்டும் செக்ஷன், அதாவது செங்குத்தாக வெட்டிய படம், போட்டுப் பார்க்கவில்லை. மேலே ஒரு பீம் குறுக்கே ஓட, தலைக்கு மேல் ஏழடி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை அடிதான். கான்கிரீட் போடப் பலகை அடித்து முடித்த பிறகு மேஸ்திரி கூப்பிட்டு, "சார், இதில் ஏறப்போவது குழந்தைகள் மட்டும்தானா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மூன்று நாள் முன்பே கவனித்தாராம். படித்தவர் போட்டது, ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

என் தப்பு சின்னது, அடித்த பலகையைப் பிரித்ததோடு போயிற்று. அந்த மூன்று நாள் மௌனம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு முன்பே விடை தெரிந்த மனிதரை என் வரைபடம் பேசவிடாமல் வைத்திருந்தது. கல்லூரியில் ஐந்து வருடமும் நம்மைத் தனியாக யோசி, தனியாக வாதாடு என்றுதான் பழக்கினார்கள். கொத்தனாரிடம் கேள் என்று ஒருவர்கூடச் சொன்னதாக நினைவில்லை. உனக்கு இருக்கிறதா?

இதைச் சரிசெய்யப் பார்த்தவர்கள் உண்டு. 1919-இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப் பள்ளியில், ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசான்கள், வடிவத்துக்கு ஒரு கலைஞர், கைவேலைக்கு ஒரு தொழிலாளர். இதில் வேடிக்கை, எல்லாக் கலையின் இலக்கும் கட்டடமே என்று அறிவித்துத் தொடங்கிய அந்தப் பள்ளியில் கட்டடக்கலைத் துறை வந்ததே 1927-இல்தான். அமெரிக்காவில் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1993-இல் தொடங்கிய ரூரல் ஸ்டூடியோ என்ற திட்டத்தில் மாணவர்கள் ஏழைகளுக்கு வீடு வரைந்து, தாங்களே நின்று கட்டுகிறார்கள். எனக்குப் பிடித்த பாடத்திட்டம் அதுதான்.

சரி, உன் மகள். சேர்த்துவிடு. ஆனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டட முகப்பைப் பார்த்து மயங்காதே. மாணவர்கள் சைட்டில் எத்தனை வாரம் இருக்கிறார்கள், குழுவாகச் செய்யும் ஸ்டூடியோ (வடிவமைப்பு வகுப்பு) உண்டா, பயிற்சிக் காலத்தில் அலுவலகங்கள் சம்பளம் தருகின்றனவா என்று கேள். ஐந்து வருடம் படிப்பும் பயிற்சியும், பிறகுதான் உரிமம் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ பட்டமே இல்லாமல் 1995-இல் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார் என்று அவள் வாதாடுவாள். வாதாடட்டும், இந்தப் படிப்புக்கு அது நல்ல அறிகுறி. கம்ப்யூட்டரே எல்லாம் வரைந்துவிடாதா என்று பயப்படுவாய். வரையும். அந்தப் படத்தில் பீம் எங்கே இடிக்கும் என்று பார்க்க ஆள் வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் போடும் முன் அவளிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, உங்கள் வீட்டை அளந்து வரையச் சொல். பிளான் மட்டும் போதாது, செக்ஷனும் வேண்டும். எனக்கு அனுப்பட்டும், சிவப்புப் பேனா இல்லாமல் பார்க்கிறேன். படிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்.

அன்புடன்,
உன் பக்கத்து டிராயிங் போர்டுக்காரன்