பையன்கள் என்றால் இளப்பமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சென்னை வாடகை வீடுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'கல்லூரிப் பையன்களுக்கு வீடு விட்டவர்கள் நிம்மதியைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் நான்கைந்து வீட்டுக்காரர்களிடம் பேசியிருக்கிறார். குடியிருக்கும் பையன் ஒருவனிடமாவது பேசினாரா? சரி, பையன்கள் சார்பில் நான் பேசுகிறேன்.

அறந்தாங்கி பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். மகன் சென்னையில் மூன்றாம் ஆண்டு இன்ஜினீயரிங். இரண்டு வருஷம் முடிந்ததும் விடுதியில் இடமில்லை, வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரி கைகழுவிவிட்டது. சேர்க்கும்போது விடுதியைச் சுற்றிக்காட்டித்தான் பணம் கட்டச் சொன்னார்கள். கூடப் படிக்கும் இருவரும் அவனும் சேர்ந்து வீடு தேட, குரோம்பேட்டை, சேலையூர் என்று நானும் அலைந்தேன்.

சேலையூரில் ஒரு மாடி போர்ஷன். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்து நன்றாகத்தான் பேசினார். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். எங்கள் ஊர்த் தெரு சேலையூரில் இருப்பவருக்கு எதற்கு? எதற்கென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் மூன்று பையன்களின் பெயரையும் கேட்டார். ஒருவன் முஸ்லிம். "அடடா, நேத்துதான் ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆடி முழுக்க அந்த கேட்டில் டு-லெட் போர்டு தொங்கியதைப் பையன்கள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஆடியில் குடித்தனக்காரர் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாதா? வீடு காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லையாம்.

கடைசியில் கிடைத்த வீட்டுக்கு வாடகை 12,000, அட்வான்ஸ் 1 லட்சம். புரோக்கருக்குத் தனியாக ஒரு மாத வாடகை. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. இருதரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று அதிலேயே ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவனுக்குச் சாவியை யார் கொடுப்பார்கள்? ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டுமே என்று மகன் வாய் திறந்ததற்கு, "படிக்க வந்தியா, சட்டம் பேச வந்தியா?" என்றாராம் வீட்டுக்காரர். இந்தச் சட்டமெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

கரன்ட் கதை தனி. மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. பையன்களிடம் சப்-மீட்டரைப் பார்த்து முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வாங்குகிறார்கள். அரசு கொடுக்கும் இலவசம் யார் வீட்டில் எரிகிறதோ!

என் அண்ணன் மகன் போன வருஷம் வீட்டைக் காலி செய்தபோது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். காலண்டர் மாட்ட ஆணிகூட அடிக்க விடாத வீடு அது.

கூத்தடிக்கும் பிள்ளைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் குடித்தனக்காரர் நடுராத்திரியில் சண்டை போட்டால் அது குடும்ப விஷயம். பையன்கள் கிரிக்கெட் பார்த்துக் கத்தினால் மட்டும் தெருவுக்கே நிம்மதி போய்விடுகிறது. எட்டு மாத வாடகையை வட்டியில்லாமல் கையில் வைத்திருப்பவர்களின் நிம்மதி!

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதே இதழின் வரி விளம்பரப் பக்கத்தில் 'சைவம் மட்டும்', 'பேச்சிலர்கள் தவிர்க்கவும்' என்று காசு வாங்கிக்கொண்டு போடுகிறீர்கள். அதோடு அட்வான்ஸ் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு பஸ் காசாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அறந்தாங்கி