கண்மாய்க்கரை வளைவில் நீங்கள் பொருத்திய சோலார் விளக்குகள், பலகைகள் பற்றிய புகார்

பெறுநர்: கிளை மேலாளர், சாலைப் பாதுகாப்புப் பொருட்கள் விற்பனைப் பிரிவு, மதுரை.

ஐயா,

மேலூர் வட்டத்தில் எங்கள் ஊருக்குள் வரும் ஊராட்சி ஒன்றியச் சாலை, கண்மாய்க்கரை மேலேயே முக்கால் கிலோமீட்டர் ஓடி, மடைக்குப் பக்கத்தில் சட்டென்று இடது பக்கம் திரும்பும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புளியமரம். தடுப்புச் சுவர் கிடையாது. அந்த வளைவுக்காக உங்களிடம் கடந்த வைகாசியில் ரூ. 46,400-க்குப் பொருள் வாங்கினோம். மின்னி எச்சரிக்கும் சோலார் பிளிங்கர் விளக்கு இரண்டு, ஆறு அம்புக்குறிப் பலகை, வளைவில் எதிரே வருவதைக் காட்டும் குவியாடி ஒன்று, ஹெட்லைட் பட்டால் மின்னும்படி சாலையில் ஒட்டும் கேட் ஐ நாற்பது. பொருத்துகூலி 5,000 இதில் அடக்கம். பணம் ஊர்ப் பொது நிதி, முளைப்பாரித் திருவிழாவில் மிஞ்சியதும் வீட்டுக்கு வீடு வசூலித்ததும் சேர்ந்தது. ரசீது என் பெயரில் இருக்கிறது. ஊராட்சித் தீர்மானம் போட்டு, ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் உங்கள் ஆட்களை வேலை தொடங்கச் சொன்னோம்.

ஊர்க்காரர்கள் ஏன் கைக்காசு போட வேண்டும் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதியே அன்று கேட்டார். தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தை விபத்துக் கரும்புள்ளி, அதாவது அரசு கவனித்துச் சரிசெய்ய வேண்டிய விபத்து இடம், என்று சேர்க்க, சுமார் 500 மீட்டருக்குள் 3 ஆண்டுகளில் உயிர்ச்சேதமோ படுகாயமோ உள்ள 5 விபத்தாவது நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். எங்களுடையது நெடுஞ்சாலையும் இல்லை, அந்தக் கணக்கும் இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க மனசில்லை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளக்குகள் புரட்டாசி வரை நன்றாகத்தான் மின்னின. ஐப்பசியில் இரவு பதினொன்றுக்கே அணையத் தொடங்கின. கார்த்திகையில் எட்டு மணிக்கு மேல் எரியவே இல்லை. உங்கள் இலவச எண்ணில் ஆறு முறை புகார் செய்தேன். "மழைக்காலம் சார், மேகம்" என்றார்கள். ஆனால் உங்கள் விலைப்புள்ளியில், மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் எரியும் என்று எழுதியிருக்கிறது. கடைசியில் எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் தம்பியை ஏணி போட்டு ஏற்றினேன். பெட்டியைத் திறந்தால், எழுதிக் கொடுத்த லித்தியம் பேட்டரி இல்லை, சாதாரண லெட் ஆசிட் பேட்டரி. போட்டோ இணைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய கூத்து, பேனலை வடக்குப் பார்த்துச் சாய்த்துப் பொருத்தியிருப்பது. மதுரையில் சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணித் தொடக்கம் வரை உச்சிவெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து விழும். அதனால் வைகாசியில் யாருக்கும் தப்பு தெரியவில்லை. பிறகு சூரியன் தெற்கே போய்விட, பேனலுக்கு வெயில் சாய்வாகத்தான் கிடைக்கிறது, மிச்சத்தைப் புளியமர நிழல் பிடித்துக்கொள்கிறது. வருடம் முழுக்க வெயில் வேண்டுமானால் தெற்குப் பார்த்து வைக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் சோலார் மோட்டார் போட்ட விவசாயிக்குக் கூடத் தெரிகிறது.

பலகைகளும் இப்படித்தான். உயர் பிரதிபலிப்புத் தாள் என்றுதான் விலை போட்டீர்கள். அந்தத் தாளை அருகில் பார்த்தால் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும் என்று உங்கள் ஆளே மாதிரித் துண்டு காட்டி விளக்கினார். இங்கே ஒட்டியிருப்பது வழவழ என்று ஒரே சீராக இருக்கிறது. அதாவது மலிவு ரகம். ஹெட்லைட் அடித்தால் பத்தடி கிட்டே வந்த பிறகுதான் அம்பு தெரிகிறது. கேட் ஐ நாற்பதில் இருபத்து மூன்று பெயர்ந்துவிட்டன. பிள்ளைகள் பிடுங்கியிருப்பார்கள் என்றார் உங்கள் ஆள். பெயர்ந்ததைப் புரட்டிப் பாருங்கள், பசையோடு சேர்த்து மண்ணும் ஒட்டியிருக்கிறது. சாலையைப் பெருக்காமல் ஒட்டினால் எது நிற்கும்? குவியாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதில் புளியங்கிளை நன்றாகவே தெரிகிறது.

கார்த்திகையில் ஒரு நாள் பின்னிரவில் என் மைத்துனர் மகன் பால் கேனோடு டிவிஎஸ் எக்ஸெல்லில் போய் அந்த வளைவில் கண்மாய்க்குள் இறங்கிவிட்டான். காரை எலும்பு முறிந்தது. தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' விபத்துச் சிகிச்சைத் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியிருக்கவில்லை, அது ஒரு நிம்மதி. ஆனால் அவன் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது: "மாமா, லைட்டு மின்னுற இடத்துலதான் ப்ரேக் போடுவேன், அன்னைக்கு மின்னவே இல்லை." விளக்கு வருவதற்கு முன்பு அவன் புளியமரத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தவன். நீங்கள் விளக்கு கொடுத்து அந்தப் பழக்கத்தை மறக்க வைத்துவிட்டீர்கள்.

எனக்கு வேண்டியது நஷ்டஈடு அல்ல. எழுதிக் கொடுத்த பேட்டரியையும் தாளையும் போடுங்கள், பேனலைத் தெற்கே திருப்பி நிழல் படாத கம்பத்துக்கு மாற்றுங்கள், பெயர்ந்த இருபத்து மூன்றையும் தரையைச் சுத்தம் செய்து ஒட்டுங்கள், குவியாடியைக் கிளை மறைக்காதபடி இறக்கிப் பொருத்துங்கள். தைப்பூசத்துக்கு முன் முடியவேண்டும். நத்தம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் இரவெல்லாம் இந்தக் கரைமேல்தான் நடப்பார்கள்.

பதினைந்து நாளில் வேலை தொடங்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணமும் இல்லை. ரசீது, விலைப்புள்ளி, படங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக உள்ளன.

உங்கள் ஆள் பார்வையிட வரும்போது தயவுசெய்து பகலில் அனுப்ப வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல், பைக்கில், தனியாக வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரசீதில் பெயர் உள்ள வாடிக்கையாளர்,
மேலூர் வட்டம்.

இணைப்பு: ரசீது நகல், விலைப்புள்ளி நகல், 9 புகைப்படங்கள், பெயர்ந்த கேட் ஐ ஒன்று.