ஐந்து நாளில் ஏழு நாடகம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நாடகக் கலை படிக்கும் மாணவி. போன கோடையில்தான் முதல்முறையாக வெளிநாடு போனேன், லண்டனுக்கு, நாடகம் பார்ப்பதற்காகவே. எங்கள் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலமாகப் போனோம். அடுத்த குழு இப்போது கிளம்பத் தயாராகிறது. அவர்கள் கையிலும் அதே அட்டவணையைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அட்டவணைப்படி ஐந்து நாளில் ஏழு நாடகம். இரண்டு நாள் மதியம் ஒன்று, இரவு ஒன்று; மற்ற நாள்களில் இரவு மட்டும். மீதிப் பகலெல்லாம் பஸ்ஸில் ஊர் சுற்றிப் பார்ப்பது. கையில் வாங்கியபோது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் போகிறோம், இன்னொரு தடவை போவோமா தெரியாது, அதனால் எத்தனை முடியுமோ அத்தனையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மூன்றாம் நாள் இரவு நேஷனல் தியேட்டரின் ஒலிவியர் அரங்கில் உட்கார்ந்திருந்தேன். 1976-ல் திறந்த அரங்கு. கிரேக்கத்தின் எபிடாரஸ் திறந்தவெளி அரங்கை மனதில் வைத்து, விசிறி விரித்த மாதிரி இருக்கைகளை அமைத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம், ஆனாலும் மேடையின் நடுவில் நிற்கும் நடிகரின் பார்வை வீச்சுக்குள் அத்தனை பேரும் அடங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. இதையெல்லாம் படித்துவிட்டு, வரைபடத்தை நோட்டில் வரைந்துகூடப் பார்த்துவிட்டுப் போனவள் நான். இடைவேளைக்கு அப்புறம் தூங்கிவிட்டேன். முந்தின நாள் இரண்டு நாடகம், அன்று மதியம் ஒன்று, கண் தானாக மூடிக்கொண்டது. கைதட்டல் சத்தத்தில்தான் விழித்தேன். அன்று இரவு அறைக்குத் திரும்பி அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறவில்லை. கூட வந்த ஆசிரியையிடம் சொல்லிவிட்டுத் தேம்ஸ் கரையோரமாகவே நடந்து ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்குக்குப் போனேன். மதியக் காட்சிக்கு, மேடைக்கு முன்னாலிருக்கும் முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் ஒன்று கிடைத்தது. அங்கே நின்று பார்க்கும் இடம் 5 பவுண்டிலிருந்து இருக்கிறது, ஒரு காட்சிக்குச் சுமார் 700 பேர் அப்படி நிற்கலாம். முற்றத்துக்குக் கூரை கிடையாது. மழை வந்தாலும் நாடகம் நிற்காது, குடை பிடிக்கக்கூடாது, கால் வலிக்கிறது என்று தரையில் உட்காரவும் விடமாட்டார்கள்.

இந்த அரங்கின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1599-ல் கட்டிய பழைய குளோப், 1613-ல் நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி ஓலைக்கூரையில் விழுந்து எரிந்துபோனது. திரும்பக் கட்டினார்கள், 1642-ல் அதையும் மூடிவிட்டார்கள். சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் 1949-ல் அந்தப் பழைய அரங்கு இருந்த இடத்தைத் தேடி வந்தபோது ஒரு மதுபான ஆலையின் சுவரில் இருந்த பலகையைத்தான் கண்டார். அதைப் பார்த்துவிட்டு, அரங்கை மறுபடி கட்டியே தீருவது என்று பல ஆண்டுகள் அலைந்து பணம் திரட்டியிருக்கிறார். 1993-ல் இறந்துவிட்டார். அரங்கு திறந்தது 1997-ல். முற்றத்தில் நின்றுகொண்டிருந்த மூன்று மணி நேரமும் அவரை நினைத்துக்கொண்டேன்.

மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். நடிகரின் காலணி என் கைக்கு எட்டும் தூரம். பகல் வெளிச்சம், அதனால் அவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். இருட்டில் உட்கார்ந்து பார்த்தே பழகிய எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. நடுவில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் ஒன்று போனது. பேசிக்கொண்டிருந்த நடிகை வசனத்தை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார், சத்தம் தேயும் வரை காத்திருந்தார், அப்புறம் அடுத்த வரியை வானத்தைப் பார்த்தே சொன்னார். அரங்கமே அதிர்ந்தது.

ஐந்தாம் நாள் இரவு குழுவோடு பெரிய இசை நாடகம் ஒன்றுக்குப் போக வேண்டும். வாங்கிய டிக்கெட் வீணானாலும் பரவாயில்லை என்று குளோப்புக்கே திரும்பப் போனேன். அதே நாடகம், அதே முற்றம். இரவிலும் மேடைக்கு மட்டும் விளக்குப் போடாமல் எல்லோர் மேலும் வெளிச்சம் படும்படி வைத்திருக்கிறார்கள். அன்று மழை. நனைந்துகொண்டே பார்த்தேன். முந்தின நாள் சிரிப்பு வந்த ஒரு வரிக்கு அன்று யாரும் சிரிக்கவில்லை, அந்த நடிகை உடனே குரலைத் தாழ்த்தி அதை வேறு விதமாக மாற்றிக்கொண்டார். முதல் தடவை கதையைத் துரத்திக்கொண்டிருந்த எனக்கு இரண்டாம் தடவைதான் மூச்சு எங்கே எடுக்கிறார்கள், பேசாத நடிகர் என்ன செய்கிறார் என்பதெல்லாம் கண்ணில் பட்டது. மற்ற நாடகங்களில் எது நினைவிருக்கிறது என்று கேட்டால் எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்ல வரும்.

போகப்போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் காதில் விழுந்த வேகத்தில் புரியாது, பிரதியைப் படித்துவிட்டுப் போங்கள். வசனத்தை மேடையோரத் திரையில் எழுத்தாகக் காட்டும் காட்சிகளும் சில நாள்களில் உண்டு, தேதி பார்த்து டிக்கெட் எடுத்தால் பெரிய உதவி. நேஷனல் தியேட்டரின் ஆவணக் காப்பகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பழைய தயாரிப்புகளின் ஒளிப்பதிவைப் பார்க்க அனுமதிக்கிறார்கள். இது எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, இன்றுவரை அந்த வருத்தம் போகவில்லை.

பயணம் ஏற்பாடு செய்கிறவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான்: ஏழு நாடகத்தை நான்காகக் குறையுங்கள். அதில் ஒன்றை இரண்டு தடவை பார்க்க வையுங்கள், ஒரு தடவையாவது நின்று பார்க்கட்டும். ஒரு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். அடுத்த குழுவின் டிக்கெட்டுகளை இன்னும் வாங்கவில்லை என்கிறார்கள், மாற்றுவதற்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
நாடகக் கலை மாணவி ஒருத்தி