மலையடிவாரப் பாதை ஓட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் நேராகப் பாதைக்கே வந்துவிடுகிறேன். இந்த ஆண்டு செயற்குழுவில் அதிகம் சண்டை வந்தது ஒரே ஒரு விதியால்தான்: பெருமழை பெய்தால் அடுத்த இரண்டு நாள் பாதையில் யாரும் ஓடக் கூடாது. பயிற்சி கெடுகிறது என்று பலருக்குக் கோபம். நியாயம்தான், ஆனாலும் விதியைத் தளர்த்த வேண்டாம் என்பதே என் கருத்து.

அடிவாரம் என்றதும் ஏதோ சமதளம் என்ற நினைப்பில்தான் புதியவர்கள் வருகிறார்கள். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து உச்சிப் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது, அந்தத் தண்ணீர் அத்தனையும் நம் பாதையைக் கடந்துதான் கீழே இறங்க வேண்டும். நமக்கு நல்ல வெயில் அடிக்கும்போதே ஓடை பெருகுவது இதனால்தான். தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ இறங்காதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். வண்டி அக்கரையில் நிற்கிறதே என்பதெல்லாம் ஒரு காரணமா? இப்படிச் சடசடவென்று ஏறும் சிற்றோடைகள் மழை விட்டதும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், உட்கார்ந்திருங்கள்.

பாதையைக் கெடுப்பதும் அதே தண்ணீர்தான், கூடவே நம் கால்களும். ஈரச் செம்மண்ணில் பதிந்த குழியில் தண்ணீர் தேங்கும், அடுத்து வருபவர் அதைத் தவிர்க்க ஓரமாகப் போவார், ஓரத்துச் செடி சாகும், ஒற்றையடித் தடம் மாட்டுவண்டிப் பாதை மாதிரி அகன்றுவிடும். சேறு இருந்தால் நடுவிலேயே மிதித்துப் போங்கள், ஷூ அழுக்காகட்டும். பராமரிப்புக் குழு தடத்தைப் பள்ளத்துப் பக்கமாக லேசாகச் சரித்து வெட்டியதுதான் இந்த ஆண்டின் உருப்படியான வேலை. தண்ணீர் தடத்தை வாய்க்காலாக்காமல் குறுக்கே வழிந்துவிடுகிறது.

தூரத்தைப் பற்றியும் புகார்கள் வந்தன. மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே போய் வெளியே வரும் பாதை இது, வரைபடத்தில் விரல் வைத்து அளந்தால் குறைவாகத்தான் தெரியும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் வாட்ச்சும் சொதப்பும். சின்னச் சின்ன ஏற்றங்கள் சேர்ந்து கடைசியில் காலை வாங்கிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் உடம்பு. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது, சொட்டுமே தவிர உடம்பு குளிராது. இந்த வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும், அதுவரை வேகத்தை மறந்துவிடுங்கள். பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தாகத்துக்குக் குடித்தால் போதும். அட்டைக்குத்தான் எல்லாரும் அலறுகிறார்கள், எனக்குப் பெரிய கவலை எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சல். காலில் சிராய்ப்போடு ஓடைக்குள் இறங்கியவருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் ஆடுதசை வலியும் வந்தால், ஓட்டத்தால் வந்த வலி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இன்று வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானம் ஒன்று. ஹவாயின் ஓவாகு தீவில் கூலாவ் மலைகளின் அடிவாரத்தில் சுமார் 16 கிலோமீட்டர் போகும் மௌனவிலி பாதையும் நம்முடையதைப் போலவே மடிப்பும் ஓடையும் சேறுமானது. அங்குள்ள காடுகளின் ஓகியா மரங்களைக் கொல்லும் பூஞ்சை ஷூ மண்ணோடும் பரவலாம் என்பதால், காட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் ஷூவைத் தேய்த்து 70 சதவீத ஆல்கஹால் தெளிக்கும்படி ஹவாயில் சொல்கிறார்கள். நம் பாதையின் இரண்டு முனையிலும் அப்படி ஒரு பிரஷ்ஷும் தெளிப்பானும் வைக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. களை விதைகள் உள்ளே வருவதும் குறையும். பாட்டிலை யார் நிரப்புவது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை, கை தூக்கும்போது அதற்கும் சேர்த்துத் தூக்குங்கள்.