வௌவாலை விரட்டாதீர்கள்: குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கார்களில் கறை படுகிறது என்று, கார் நிறுத்துமிடத்து வாதாங்கொட்டை மரத்துக்கு வரும் பழந்தின்னி வௌவால்களை விரட்டத்தான் மாலையானால் வெடி வெடிக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை அதன் பலன் தரையில் கிடந்தது. தாய் வௌவால் செத்திருந்தது. அதன் மார்புக் காம்பைக் கவ்வியபடி ஒரு குட்டி, இன்னும் ரோமம்கூடச் சரியாக வளராதது, உயிரோடு இருந்தது. காவலாளி அண்ணன் துணியைச் சுற்றி எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தார். காலையில் அதுவும் இல்லை.

தயவுசெய்து வெடியை நிறுத்துங்கள். அந்த மரத்தையே வெட்டும் சங்கத் தீர்மானத்தையும் கைவிடுங்கள்.

அதே மரத்துக் கொண்டைக்குருவிக்குச் சங்கமே மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறது. மகிழ்ச்சி, அது தொடரட்டும். இரண்டும் பழந்தின்னிகள்தான், இரண்டும் விதை பரப்புபவைதான். ஒன்று பகலில் பாடுகிறது, மற்றது இரவில் வந்து காரின் மேல் சக்கையைத் துப்புகிறது என்பதற்காகவா இந்தப் பாகுபாடு? குருவியின் தொண்டையில் சின்னப் பழங்கள்தான் இறங்கும். வாதாங்கொட்டையை அதனால் விழுங்க முடியாது. வௌவால் முழுப் பழத்தையும் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் பறந்து, சதையை மென்று சாற்றைக் குடித்துவிட்டுக் கொட்டையை அங்கே போடும். இலவம்பூ விரிவது இரவில். குருவி தூங்கும் அந்த நேரத்தில் மகரந்தம் சுமப்பது வௌவால். குருவி ஒரு தடவைக்கு இரண்டு மூன்று முட்டை இடும். வௌவாலுக்கு ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி.

பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய நிபா வைரஸ் பற்றிய பயம் எனக்கும் உண்டு. 2018-இல் கோழிக்கோட்டில் அது உயிர்களைப் பறித்ததை மறக்கவில்லை. அதற்குக் கடிபட்ட பழத்தைத் தின்னாமலும், விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாமலும் இருக்க வேண்டும். வெடி வைத்து வௌவாலை நம் தரையில் விழவைப்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு தொல்லை உயிர்கள் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. சட்டம் மாறிவிட்டது, நாம் மாறவில்லை. 2016 வர்தா புயலில் சென்னை இழந்த மரங்கள் போதாதா? காற்று சாய்க்காமல் விட்டதை நாம் ரம்பம் வைத்து அறுக்கிறோம். வெயில் காலத்தில் நிழல் தேடி அந்த மரத்தடிக்கே வண்டியைக் கொண்டுவந்து விடுவதும் நாம்தான்.

சரி, கோபத்தை விடுகிறேன். கார் கறைதான் பிரச்சினை என்றால் பழக்காலத்தில் மட்டும் மரத்தடியைக் காலியாக விடலாம், அல்லது உறை போடலாம். என் கார் நிறுத்தும் இடத்தைப் பொது உபயோகத்துக்குத் தரத் தயார். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்து, அதுவரை வெடியும் ரம்பமும் வேண்டாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர்