ஆண்கள் ஐக்கிய சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

கர்த்தருக்குள் அன்பான தலைவர் அவர்களுக்கும் ஆயர் ஐயா அவர்களுக்கும் அங்கத்தினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள், உபவாச ஜெபம், நோயாளிகள் சந்திப்பு ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன.

இவ்வாண்டின் புதிய முயற்சி, அடியேன் முன்மொழிந்து செயற்குழு ஏற்றுக்கொண்ட, இருவர் இருவராகச் சந்தித்துக் கணக்கொப்புவிக்கும் திட்டமாகும். சென்ற கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும்படி மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று தம் சிறு குழுக்களுக்கு விதி வகுத்திருப்பதைப் படித்தபோது, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-ஐ நாம் பிரசங்கத்தில் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோமே என்று தோன்றியதே இதன் தொடக்கம். 7 ஜோடிகள் சேர்ந்தன. முதல் வாரங்களில் ஜெபக் குறைவு, பொறுமைக் குறைவு என்ற அளவில் அறிக்கைகள் இருந்தன. பணம், பொய், வீட்டில் பேசும் பேச்சு என்று கேள்வி நெருங்கியதும் பலருக்கு வேறு அலுவல்கள் வந்துவிட்டன. இப்போது இருப்பவை 2 ஜோடிகள். ஆயினும் திட்டம் தோற்றதென்று சிலர் கூறுவதை நான் ஏற்கவில்லை. சகோதரர் ஒருவர் அலுவலகத்தில் பொய்க்கணக்குக் காட்டிப் பெற்ற பயணப்படியைத் திருப்பிக் கட்டினார். இதை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

என் கணக்கும் உண்டு. வருகைப் பதிவேட்டில் மூன்று கூட்டங்களுக்கு, வராதவர்களின் கையொப்பங்கள் ஒரே நாளில், ஒரே பேனாவால் இடப்பட்டுள்ளன. கோரம் (கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை) குறைந்துவிடுமே என்ற கவலையில் பதிவேட்டை நீட்டியவன் நானே. என் ஜோடிச் சகோதரர் கேட்டிராவிட்டால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அவற்றை அடித்துக் குறிப்பெழுதிவிட்டேன். அக்கூட்டங்களின் தீர்மானங்கள் மீண்டும் ஒப்புதலுக்கு வரும்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். சில ரசீதுகள் வராததால் தணிக்கை முடியவில்லை. காணிக்கை விஷயத்தில் ஒருவரும் குற்றஞ்சொல்லாதபடி பவுல் தீத்துவோடு இரண்டு சகோதரரையும் சேர்த்தனுப்பினார் (2 கொரிந்தியர் 8). நம் பொருளாளரோ, உடன் கையெழுத்திட ஒருவர் வேண்டுமென்று கேட்டுக் காத்திருக்கிறார். கணக்கு எங்கே என்று உரத்துக் கேட்டவர்களில் பலர் சந்தா பாக்கிப் பட்டியலிலும் இருப்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

ஆயர் ஐயாவுக்கும் செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேடு கூட்டம் முடிந்தவுடன் ஆயர் ஐயாவிடம் போய்விடும். இவ்விதிக்கு உடன்பட்டு செயலாளர் பொறுப்பை ஏற்க ஒருவர் முன்வந்தால் அலமாரிச் சாவியை இன்றே தருவேன். வராவிட்டால், ஜோடியில்லாமல் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் என்னைச் சந்திக்கவும்.