விருது, வென்ற அணிக்கு மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐஸில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங்கில், கனடாவின் பெண்கள் தேசியப் போட்டியான ஸ்கொட்டீஸ் பற்றி நீங்கள் செய்தி போட்டதில் சந்தோசம். ஹொக்கியைத் தாண்டி ஒரு குளிர்கால விளையாட்டு எங்கள் பத்திரிகைகளில் வருவதே அபூர்வம். ஆனால் வென்ற அணி, ஸ்கிப்பின் (அணித் தலைவியின்) பெயர், புள்ளி, அவ்வளவோடு முடித்துவிட்டீர்கள்.

அந்தப் போட்டியோடு ஜோன் மீட் பில்டர் விருது என்றும் ஒன்று இருக்கிறது. பெண்கள் கர்லிங்கை வளர்க்கப் பாடுபட்டவர்களுக்கான விருது. ஜோன் மீட் கல் தள்ளிப் பெயர் எடுத்தவர் அல்ல, கனடாவின் பொது ஒளிபரப்பான சிபிசி தொலைக்காட்சிக்காகக் கர்லிங் ஒளிபரப்பைத் தயாரித்தவர். 1998 நகானோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சான்ட்ரா ஷ்மிர்லர் பெயரிலும், 1980இன் உலகச் சாம்பியன் மார்ஜ் மிட்செல் பெயரிலும் விருதுகள் இருக்கிற இடத்தில் கமராவுக்குப் பின்னால் வேலை செய்த ஒரு பெண்ணின் பெயரும் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விசயம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் மகள் விளையாடும் கிளப்பிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், சம்பளம் கிடையாது. ஆட்டம் தொடங்குமுன் தண்ணீர்க் கலனை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்தபடியே கையை இடமும் வலமும் வீசி ஐஸ் முழுக்கத் துளி தெளிப்பார். துளிகள் உறைந்து சின்னச் சின்ன மேடாக நிற்கும், அதைத்தான் பெபிள் என்கிறார்கள். அது இல்லாவிட்டால் கிட்டத்தட்ட 20 கிலோ கல், எவ்வளவுதான் தள்ளினாலும் பாதி வழியில் நின்றுவிடும். அப்புறம் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சப்பாத்தில் மாட்டி வழுக்கிச் செல்லும் ஸ்லைடரும் ஐஸைத் தேய்க்கும் தும்புத்தடியும் (சரி, பிரஷ் என்றே சொல்வோம்) தேடிக் கொடுப்பார். எங்களைப் போன்ற ஒன்றும் தெரியாத தாய்மாருக்கு அந்தக் குழப்பமான புள்ளிப் பலகையை விளக்குவதும் அவர்தான்: நடு வரிசையில் இருப்பது புள்ளி, எத்தனையாவது எண்டில் (சுற்றில்) அது கிடைத்தது என்ற அட்டையை, எந்த அணி என்பதைப் பொறுத்து மேலேயோ கீழேயோ தொங்கவிடுவார்கள். எனக்கு ஒரு சீசன் முழுக்கச் சொல்லித் தந்தார், பாவம்.

அவரைக் கௌரவிக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் கிளப்பில் கேட்டபோது வந்த பதில், "அவர் ஓய்வு எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்". இது என்ன நியாயம்? ஆள் களைத்து வீட்டில் இருந்த பிறகு ஒரு பலகையில் பெயர் பொறித்து யாருக்கு லாபம்? அவர் வளர்த்த பிள்ளைகள் ஐஸில் நிற்கும்போதே, அவர்கள் முன்னாலேயே செய்யுங்கள். கூடவே பெபிள் போட இரண்டு பேரைப் பழக்கிவிடுங்கள், மாலையைவிட அது அவருக்கு உதவும். என் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், முதுகு தாங்குமா என்றுதான் வீட்டில் கேலி.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஸ்கொட்டீஸ் செய்தியில் அந்தப் பில்டர் விருது யாருக்குப் போனது, அவர் என்ன செய்தார் என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள்.

ஒரு வாசகி,
ஸ்காபரோ